வெயிலைத் தேடி வந்தவர்கள்: ரோம் முதல் ஆவோன் வரை

மார்ச் 4, திங்கள் – ரோம்

ஸ்பானியப் படிக்கட்டுகளில் உட்காரக் கூடாது என்பது எனக்குத் தெரியாது. மொத்தம் 135 படிகள். பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. காலையில் பெய்த மழையில் கல் ஈரமாக இருந்தது. துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, கீழிருந்து விசில் சத்தம். சீருடை அணிந்த பெண் ஒருவர் எழுந்திரு, எழுந்திரு என்று கையை அசைத்தபடி ஏறி வந்தார். 2019 முதல் இங்கே உட்கார்ந்தால் அபராதமாம். அக்கா மகள் குறுக்கே போய் இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தார். சீட்டுப் புத்தகத்தை எடுக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்து, வழுக்காத ஓரமாகப் பார்த்துக் கீழே இறக்கிவிட்டு, ஒரு காப்பிக்கடை நாற்காலியைக் காட்டிவிட்டுப் போனார்.

"அவரிடம் என்ன சொன்னாய்?"

"சித்திக்கு ஆஸ்துமா என்று சொன்னேன்."

எனக்கு ஆஸ்துமா இல்லை. எனக்கு இருந்தது என்ன என்பது அவளுக்குத் தெரியாது. நான்கு வருடங்களுக்கு முன்பு பள்ளி ஆசிரியர் அறையின் கை கழுவும் தொட்டியில் இருமித் துப்பினேன். சிவப்பாக வந்தது. குழாயைத் திறந்துவிட்டு, அது போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் நிமோனியா என்று சொன்னோம். என் கூடப் பிறந்த அக்காவிடமும் அதையேதான் சொன்னேன்.

அந்த ஆறு மாதத்தில் ஒரு நோட்டு வைத்திருந்தேன். தேதி, எடை, மாத்திரை. வேறு எதையும் அதில் எழுதவில்லை. அதே நாட்களில்தான் எழுத்தாளர் கேத்தரின் மான்ஸ்ஃபீல்டின் நாட்குறிப்பைப் படித்தேன். நியூசிலாந்தில் பிறந்து, எனக்கு வந்த இதே காசநோயோடு இத்தாலி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்று வெயிலையும் நல்ல காற்றையும் தேடி அலைந்து 34 வயதில் இறந்தவர். இருமல், காய்ச்சல், பயம், கோபம், அன்று பார்த்த பூ என்று எதையும் மறைக்காமல் எழுதினார். நான் எழுதாமல் விட்டதையெல்லாம் அவர் எழுதிவைத்திருந்தார். உடம்பு தேறினால் இவரும் இவரைப் போன்ற நோயாளிகளும் இருந்த அறைகளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். அக்கா மகள் மிலானில் படிக்கப் போன பிறகுதான் அதற்குத் துணை கிடைத்தது.

காப்பி விலை பற்றி ஒன்று. நின்றுகொண்டு குடித்தால் 1 யூரோ 20 சென்ட். உட்கார்ந்து குடித்தோம், ஆளுக்கு 6 யூரோ ஆனது. கொடுத்ததில் வருத்தம் இல்லை, அந்த நாற்காலி அப்போது எனக்குத் தேவைப்பட்டது. படிக்கட்டை ஒட்டியே இருக்கிறது நாங்கள் தேடி வந்த வீடு. எழுந்து போனபோது மணி ஒன்று அடித்துவிட்டது. மதிய இடைவேளை என்று கதவைச் சாத்திவிட்டார்கள். காத்திருக்கத் தெம்பு இல்லை. விடுதிக்குத் திரும்பி மாலைவரை தூங்கினேன்.

மார்ச் 5, செவ்வாய் – ரோம்

ஸ்பானியச் சதுக்கம், 26-ஆம் எண். ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் தன் கடைசி மூன்று மாதங்களைக் கழித்த வீடு. 1909 முதல் நினைவில்லமாக இருக்கிறது.

அவர் படுத்திருந்த அறை இவ்வளவு சிறியது என்று எந்தப் படமும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு கட்டில் போட்டால் சுற்றிவர ஓரடிதான் மிஞ்சும். ஒரு ஜன்னல் படிக்கட்டைப் பார்த்திருக்கிறது. கீழே படகு வடிவ நீரூற்று. அந்தத் தண்ணீர்ச் சத்தம் இந்த அறைக்குள் இரவும் பகலும் கேட்டிருக்கும். கட்டில் அவருடையது இல்லை. அவர் இறந்ததும் அறையில் இருந்ததையெல்லாம் எரித்து, சுவரைச் சுரண்டிவிட்டார்கள். அன்றைய ரோமின் சட்டம் அது. காசநோய் ஒட்டிக்கொள்ளும் என்று இத்தாலியில் நம்பினார்கள், இங்கிலாந்து மருத்துவர்களோ பரம்பரையாக வருவது என்றார்கள். பழையதாக மிஞ்சியிருப்பது கூரையும் கணப்பு மாடமும்தான். கூரைப் பலகையில் நீலக் கட்டங்களுக்குள் வெள்ளையும் பொன்னுமாகப் பூக்கள். தலையணையில் கிடந்தபடி அவர் பார்த்த பூக்கள். நான் தலையை அண்ணாந்தபடியே நின்றேன். என் அறையின் கூரையில் நீர் கசிந்து உண்டான ஒரு கறை இருந்தது, ஆறு மாதமும் அதைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இன்றும் கண்ணை மூடிக்கொண்டு அதை வரைந்துவிடுவேன்.

கீட்ஸ் மருத்துவம் படித்தவர். லண்டன் கைஸ் மருத்துவமனையில் பயின்று 1816-இல் உரிமம் பெற்றவர். தம்பி டாம் இதே நோயில் கிடந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார், 1818 டிசம்பரில் பறிகொடுத்தார். 1820 பிப்ரவரி 3 இரவு இருமிய துளியைப் பார்த்ததும் மெழுகுவர்த்தியைக் கொண்டுவரச் சொன்னார். இது தமனி ரத்தம், இது என் மரண உத்தரவு என்று நண்பரிடம் சொன்னார். எனக்குக் குழாயைத் திறந்துவிட முடிந்தது. அவருக்கு அந்த நிறத்தைப் படிக்கத் தெரிந்திருந்தது.

இங்கிலாந்தின் குளிர் தாங்காது, இத்தாலிக்குப் போ என்றார்கள். செப்டம்பரில் கப்பல் ஏறினார். நேப்பிள்ஸ் துறைமுகத்தை அடைந்தபோது, லண்டனில் தொற்றுநோய் என்று சொல்லிப் பத்து நாள் கப்பலை விட்டு இறங்க விடவில்லை. கரையில் கால் வைத்தது அக்டோபர் 31, அவருடைய 25-ஆவது பிறந்தநாள். நவம்பர் நடுவில் ரோம். மருத்துவர் ரத்தம் இறக்கினார். ஒரு நாளைக்கு ஒரு சிறு மீனும் ஒரு துண்டு ரொட்டியும்தான் சாப்பாடு என்று வைத்தார். பசி, பசி என்று கெஞ்சியிருக்கிறார் பாவம். எனக்கு மருத்துவர் முதல் நாள் சொன்னது: முட்டை, பருப்பு, பால், எது இறங்குகிறதோ அது, எவ்வளவு முடியுமோ அவ்வளவு. 200 வருட இடைவெளி அந்த ஒரு தட்டில் தெரிகிறது.

இந்த வீட்டில் நான் அதிகம் நினைத்தது கீட்ஸை இல்லை, ஜோசப் செவர்னை. உடன் வந்த ஓவியர். வயது 27. சமைத்தார், துடைத்தார், படித்துக் காட்டினார், வாடகைக்கு ஒரு பியானோ எடுத்து வாசித்தார். கீட்ஸ் வாங்கி வைத்திருந்த அபினிக் கஷாயப் புட்டியைக் கேட்டு மன்றாடியும் கொடுக்காமல் மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டார். 1821 ஜனவரி 28, அதிகாலை மூன்று மணிக்கு, தூங்கிவிடக் கூடாது என்பதற்காக ஒரு படம் வரைந்தார். தலையணையில் சாய்ந்த முகம், மூடிய கண், நெற்றியிலும் கன்னத்திலும் ஒட்டிய ஈர முடி. இரவு முழுவதும் சாவு வியர்வை என்று அடியில் எழுதினார். அந்த வியர்வையை நான் அறிவேன். இரவில் மூன்று முறை ரவிக்கை மாற்றுவேன். மாற்றி மாற்றித் துவைத்துப் போட்டவர் என் கணவர். அவர் படம் வரையத் தெரியாதவர். விடியும்வரை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"சித்தி, அழுகிறீர்களா?" என்று அக்கா மகள் கேட்டாள். தூசி என்றேன். நான்கு வருடமாக இப்படியே சொல்லிப் பழகிவிட்டேன்.

மார்ச் 6, புதன் – ரோம்

கத்தோலிக்கர் அல்லாதோர் கல்லறைத் தோட்டம். பிராமிடே மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே ரோமானியர் காலத்துப் பிரமிடு, அதன் நிழலில் பூனைகள், அதையடுத்துப் புல்வெளி. வாசலில் காணிக்கைப் பெட்டி இருக்கிறது. 5 யூரோ போட்டேன். கீட்ஸின் கல்லில் அவர் பெயர் இல்லை. தண்ணீரில் எழுதப்பட்ட பெயருடையவன் இங்கே கிடக்கிறான் என்ற பொருளில், அவரே கேட்டுக்கொண்ட ஒரு வரி. மேலே நரம்பறுந்த ஒரு யாழ். பக்கத்திலேயே செவர்னின் கல், அதில் ஓவியரின் வண்ணத்தட்டு. செவர்ன் 1879 வரை வாழ்ந்தார். ஆனாலும் நண்பனுக்குப் பக்கத்தில்தான் அவரை வைத்திருக்கிறார்கள். பெயர் இல்லாத கல்லைத் தேடி இத்தனை பேர் வருகிறார்கள். செவர்னின் கல்லுக்கும் ஒரு பூ வைத்துவிட்டு வந்தேன்.

மதியம் டெஸ்டாச்சோ சந்தையில் 'சுப்ளி' சாப்பிட்டோம். சோற்றுக்குள் பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த உருண்டை. இரண்டு உருண்டையில் வயிறு நிறைந்துவிட்டது. கடைக்காரர் மூன்றாவதை நான் கேட்காமலே காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, இரவுக்கு என்று சைகை காட்டினார். காசு வாங்கவில்லை. மெலிந்தவர்களைப் பார்த்தால் எந்த ஊரிலும் யாராவது ஒருவருக்குக் கை பொறுக்காது.

மார்ச் 7, வியாழன் – ரயிலில்

ரோமிலிருந்து வந்த ரயில் தாமதமாகி ஜெனோவாவில் அடுத்த ரயிலைத் தவறவிட்டோம். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். நிலையத்துக்கு வெளியே மழை. ஓடிப்போய் ஒரு கடையில் 'ஃபரினாட்டா' வாங்கினோம். கடலை மாவு, தண்ணீர், உப்பு, ஆலிவ் எண்ணெய் இவ்வளவுதான். பெரிய செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் வேகவைத்து, முக்கோணமாக வெட்டித் தருகிறார்கள். ஓரம் கருகி மொறுமொறுவென்று, நடுவில் அல்வா போல மெத்தென்று இருந்தது. மூன்று நாளில் நாக்குக்கு உறவான முதல் சாப்பாடு.

அடுத்த ரயிலில் எனக்கு இருமல் வந்துவிட்டது. பழைய நோய் இல்லை. தழும்பு விழுந்த நுரையீரல், ஈரக் காற்று பட்டால் இப்படித்தான். எதிரில் இருந்த இளைஞர் பையை எடுத்துக்கொண்டு வேறு பெட்டிக்குப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, கொரோனாவுக்குப் பிறகு யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் என் உடம்பு குறுகிவிட்டது, அதை நான் உணர்ந்தேன். அப்போது ஜன்னலோரம் இருந்த ஒரு பாட்டி எழுந்து, அந்த இளைஞர் விட்டுப்போன இடத்திலேயே, என் முழங்காலுக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தார். கைப்பையைக் கிளறி அதிமதுர மிட்டாய் ஒன்றை எடுத்து, காகிதத்தையும் அவரே பிரித்து நீட்டினார். சவோனாவில் இறங்கும்வரை அங்கேயே இருந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சான் ரெமோவைப் பார்க்க ஆசைப்பட்டேன். ரயில் பாதையை 2001-இல் மலைக்குள் தள்ளிவிட்டார்களாம். நிலையமே பூமிக்கு அடியில் இருக்கிறது. பழைய கடலோரப் பாதை இப்போது சைக்கிள் தடம். 1919-இல் மான்ஸ்ஃபீல்ட் அந்த ஊர் விடுதி ஒன்றில் தங்கினார். மற்ற விருந்தினர்கள் பயப்படுகிறார்கள் என்று வெளியேறச் சொன்னார்கள். அறையைப் புகை போட்டுச் சுத்தம் செய்த செலவையும் அவர் தலையிலேயே கட்டினார்கள். அதன் பிறகுதான் பக்கத்து ஊரான ஓஸ்பெடலெட்டியில் தனி வீடு எடுத்துத் தங்கினார். துணைக்கு இருந்தவர் பள்ளித் தோழி ஐடா பேக்கர். அந்தத் தோழிமேல் மான்ஸ்ஃபீல்ட் பொழிந்த வெறுப்பையும் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். படிக்கும்போது நடுங்கியது. தன்னைத் தூக்கிச் சுமப்பவர்மேல்தான் நோயாளிக்கு அந்தக் கோபம் வரும். நானும் ஒருநாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கணவர் முன்னால் தட்டிவிட்டிருக்கிறேன். என் நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே 39.1 கிலோ என்று மட்டும் இருக்கிறது.

மார்ச் 8, வெள்ளி – வெந்திமிலியா, மெந்தோன்

காலையில் விடுதிப் பெண் எனக்கும் அக்கா மகளுக்கும் ஆளுக்கொரு மிமோசாக் கிளை கொடுத்தார். பெண்கள் தினத்துக்கு இத்தாலியில் இந்த மஞ்சள் பூவைக் கொடுப்பது வழக்கமாம். வெந்திமிலியாவில் வெள்ளிக்கிழமைச் சந்தை, கடற்கரை நெடுகக் கூடாரங்கள். பிரான்சிலிருந்தே ஜனங்கள் வந்து பாலாடைக்கட்டியும் துணியும் அள்ளிக்கொண்டு போகிறார்கள். மருந்துக்கடை வாசலில் நாணயம் போட்டால் எடை காட்டும் இயந்திரம் இருந்தது. என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. 53.8. பையிலிருந்த பழைய நோட்டை எடுத்து, நான்கு வருடத்துக்குப் பிறகு, அதில் அந்த எண்ணை எழுதினேன். முதல் பக்கத்தில் 38.4.

பிரான்ஸ் எல்லையைத் தாண்டியதும் முதல் நிலையம் மெந்தோன் கரவான். போலீஸ் ஏறி எல்லோரின் தாள்களையும் பார்த்தார்கள். எங்களுக்கு ஒரு நிமிடத்தில் முடிந்தது. கடைசி இருக்கையில் இருந்த ஓர் ஆப்பிரிக்க இளைஞரை இறக்கிக் கூட்டிப்போனார்கள். நனைந்த காலணியுடன், கையில் ஒரு பிளாஸ்டிக் பையுடன், தலை குனியாமல் நடந்து போனார். சுகமான காற்று வேண்டும் என்று ஒரு காலத்தில் ஐரோப்பாவே சாரை சாரையாக வந்து இறங்கிய கடற்கரை இது. அந்தப் பையன் போவதை நடைமேடையில் நின்று பார்த்தது இன்றைய நாளின் பாதியைத் தின்றுவிட்டது.

மலை பின்னால் சுவர் போல நின்று வடகாற்றை மறைப்பதால் மெந்தோனில் எலுமிச்சை குளிர்காலத்திலும் காய்க்கிறது. எலுமிச்சைத் திருவிழா போன ஞாயிறுதான் முடிந்ததாம். தெருவெல்லாம் அந்த வாசனை. 1859-இல் ஜேம்ஸ் ஹென்றி பென்னட் என்ற ஆங்கில மருத்துவர், காசநோயோடு சாவதற்காகவே இங்கு வந்தார். பிழைத்துக்கொண்டார். இந்த ஊரைப் பற்றி எழுதினார். அதன் பிறகுதான் நோயாளிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், விடுதிகள் எழுந்தன.

மான்ஸ்ஃபீல்ட் 1920 செப்டம்பர் முதல் 1921 மே வரை இருந்த 'இசோலா பெல்லா' கரவான் நிலையத்துக்கு அருகிலேயே, அவர் பெயர் சூட்டப்பட்ட தெருவில் இருக்கிறது. வீட்டுக்கு அடியில் ஒரு சிறிய அறை அவர் நினைவாக இருக்கிறது. நியூசிலாந்து எழுத்தாளர்கள் உதவித்தொகை பெற்று ஆண்டுதோறும் வந்து அங்கே எழுதுகிறார்கள். இரும்புக் கதவு பூட்டியிருந்தது. கம்பிக்கு வெளியே நின்றேன். தன்னுடைய மிகச் சிறந்த கதைகளில் சிலவற்றை எலும்பும் தோலுமாக இருந்தபோது இங்கேதான் எழுதினார். மிமோசாக் கிளையைக் கதவில் செருகிவிட்டு வந்தேன்.

மார்ச் 9, சனி – மெந்தோன்

பழைய கோட்டைக் கல்லறைக்கு ஏற எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நான்கு இடத்தில் நின்றேன். இங்கே உட்காரலாம், யாரும் விசில் ஊதவில்லை.

மேலே போனதும் கடல் முழுவதுமாகத் திறந்துகொண்டது. எங்கு பார்த்தாலும் ஆங்கிலேயர், ரஷ்யர், ஜெர்மானியர். கல்லில் உள்ள வயதுகளைப் படித்துக்கொண்டே நடந்தேன். 19. 23. 22. 27. 20. கணக்கு வாத்தியார் நான், எண்களைப் படித்தால் கூட்டாமல் இருக்க முடியாது. இன்று கூட்டவில்லை. ஓவியர் ஆப்ரி பியர்ட்ஸ்லி 1898-இல் இந்த ஊரில்தான் இறந்தார், கீட்ஸைப் போலவே 25 வயதில். பக்கத்தில் நீஸ் நகரில் சிறுமியாக இருந்தபோது நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய மரீ பஷ்கிர்ட்செவுக்கும் 25 வயதுதான். உக்ரைனில் பிறந்து பாரிசில் ஓவியம் பயின்றவர். நோய் முற்றுவதை வீட்டாரிடம் மறைத்தவர், நோட்டில் மறைக்கவில்லை. சாவதற்குச் சில நாட்கள் முன்புவரை எழுதினார். அவரை மான்ஸ்ஃபீல்ட் இளம் வயதிலேயே விரும்பிப் படித்தார். ஒரு நோயாளியின் நோட்டு இன்னொரு நோயாளியின் தலைமாட்டுக்குப் போகும் வழி இப்படித்தான் இருக்கிறது.

இருபது வயதுப் பெண் ஒருத்தியின் கல்லுக்குப் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து அக்கா மகளிடம் சொன்னேன். "எனக்கு வந்தது நிமோனியா இல்லையடி. டிபி."

அவள் என் கையைப் பிடிக்கவில்லை, அழவில்லை. கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள். "ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை சித்தி?" என்று கேட்டாள்.

"மூன்று. செங்கல் நிறம். வெறும் வயிற்றில்."

"வலித்ததா?"

யாரும் அதுவரை என்னிடம் கேட்காத கேள்வி அது. எல்லாவற்றையும் சொன்னேன். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து முதல் நாள் பயந்தது. மாத்திரை உள்ளே போனதும் குமட்டுவது. என் டம்ளரின் அடியில் சிவப்பு நகச்சாயத்தால் ஒரு புள்ளி வைத்ததை. யாரும் வைக்கச் சொல்லவில்லை, நானே வைத்தேன். மற்றவர்கள் டம்ளரோடு கலந்துவிடக் கூடாது என்று.

அந்தப் புள்ளி தேவையே இல்லை என்று பிறகுதான் படித்தேன். 1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கி, நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில், ஓய்வோடும் நல்ல சாப்பாட்டோடும். இன்னொரு பிரிவு நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே. இரண்டு பிரிவுக்கும் அதே மருந்து. 1959-இல் முடிவு வந்தது. வீட்டிலேயே இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவில் குணமானார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். கடலும் மலையும் வெயிலும் அல்ல, மருந்துதான். இந்தக் குன்றில் கிடக்கும் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை.

"அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் சித்தி" என்றாள் இறங்கும்போது. எனக்கு முன்னால் நடந்து, வழுக்கும் படிகளில் நின்று நின்று கை கொடுத்தாள்.

மார்ச் 10, ஞாயிறு – மெந்தோன்

நாள் முழுவதும் மழை. அக்கா மகள் மிலானுக்கு ரயில் ஏறினாள். நான் விடுதியிலேயே இருந்தேன். எலுமிச்சைச் சாறு, ரொட்டி, தூக்கம்.

மார்ச் 11, திங்கள் – நீஸிலிருந்து பாரிஸ்

இந்தப் பயணத்தில் எந்த வீட்டுக்காகவும் கல்லறைக்காகவும் காத்திராத அளவுக்கு நான் காத்திருந்தது ஒரு ரயில் நிலையத்துக்காக. இறங்கப் போவதில்லை, ஜன்னல் வழியாகப் பார்க்கத்தான் போகிறேன். சான் ரஃபாயேல்.

கான் நகரம் தாண்டியதும் எஸ்தெரெல் மலை வந்தது. மழை விட்டிருந்தது. சிவப்பு. கடலுக்குள் சரிந்து இறங்கும் பாறை முழுவதும் செங்கல் சிவப்பு, அதன்மேல் கரும்பச்சையாகப் பைன் மரங்கள். என் மாத்திரையின் நிறம்.

இதற்காகத்தான் காத்திருந்தேன். 1957-இல் மிலானில் இருந்த லெப்பெத்தி மருந்து ஆய்வகத்துக்குச் சான் ரஃபாயேல் பைன் காட்டிலிருந்து எடுத்த ஒரு பிடி மண் வந்தது. பியெரோ சென்சியும் மரியா தெரேசா திம்பாலும் அதிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார்கள். அது சுரந்த பொருளுக்கு ரிஃபமைசின் என்று பெயர் வைத்தார்கள். அதைத் திருத்தித் திருத்தி, 1960-களின் நடுவில் ரிஃபாம்பிசின் ஆக்கினார்கள். நான் சாப்பிட்ட செங்கல் நிற மாத்திரைக்குள் இருந்த மருந்து அதுதான். முன்பு ஒன்றரை வருடம், இரண்டு வருடம் என்று இழுத்த சிகிச்சை ஆறு மாதத்துக்குச் சுருங்கியதற்கு அது பெரிய காரணம்.

நூறு ஆண்டுகளாக நோயாளிகள் இந்தக் கரைக்கு வந்தார்கள். வெயிலில் சாய்வு நாற்காலி போட்டுப் படுத்தார்கள். காற்றை இழுத்துப் பார்த்தார்கள். பைன் வாசனை நெஞ்சுக்கு நல்லது என்று அந்தக் காட்டுக்குள் நடந்தார்கள், இருமினார்கள், உட்கார்ந்தார்கள். மருந்து அவர்கள் செருப்புக்கு அடியில் இருந்தது.

வண்டி நிலையத்தில் நின்றது. பையை இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். எங்கும் சிமென்ட். நடைமேடையின் கடைசியில் ஒரு பூந்தொட்டி தெரிந்தது. அதற்குள் இருந்த மண் எங்கிருந்து வந்ததோ தெரியாது. ஆனாலும் இரண்டு விரலால் கிள்ளினேன். கண்டக்டர் ஊதுகுழலை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் ஏறும்வரை ஊதவில்லை. ஏறியதும் என் கையில் இருந்த மண்ணைக் கவனித்துவிட்டு, தன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அதில் மடித்து நோட்டுக்குள் வைத்திருக்கிறேன், 38.4 என்று எழுதிய பக்கத்தில்.

மார்ச் 12, செவ்வாய் – ஆவோன்

பாரிஸ் லியோன் நிலையத்திலிருந்து ஃபோந்தென்புளோ–ஆவோனுக்கு 40 நிமிடம். குளிர் எலும்பைத் தொட்டது. மான்ஸ்ஃபீல்ட் 1922 அக்டோபரில் வைத்தியங்களையெல்லாம் விட்டுவிட்டு இங்கே குர்ஜியெஃப் என்ற குருவின் ஆசிரமத்துக்கு வந்தார். மாட்டின் மூச்சு நுரையீரலுக்கு நல்லது என்று தொழுவத்துக்கு மேல் பரண் கட்டி அவரைப் படுக்கவைத்தார்கள். 1923 ஜனவரி 9, பார்க்க வந்த கணவருக்குத் தன் தெம்பைக் காட்டுவது போல மாடிப்படியில் வேகமாக ஏறினார். ரத்தம் பீறிட்டது. அன்றிரவே முடிந்தது. அந்த அக்டோபர் மாதத்துக் குறிப்பு ஒன்றில் ஆரோக்கியம் என்றால் என்ன என்று அவர் எழுதியது எனக்கு மனப்பாடம்: தான் நேசிக்கும் மண், கடல், சூரியன் இவற்றோடு ஒட்டி முழுதாக வாழும் சக்தி. ஒரு சிறிய வீடு, புல், தோட்டம், பிராணிகள், புத்தகங்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

கல்லறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. கல் பாசி பிடித்திருந்தது. குனிந்து பெயர்மேல் இருந்த சருகுகளைத் தள்ளினேன். பிறகு பக்கத்தில் நின்றபடியே அக்காவுக்குப் போன் செய்தேன்.

"சாப்பிட்டாயா?" என்றாள் எடுத்ததும்.

"சாப்பிட்டேன். அக்கா, ஒன்று சொல்ல வேண்டும். அன்று எனக்கு வந்தது நிமோனியா இல்லை."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து அடங்கும்வரை சத்தமில்லை.

"தெரியும். நிமோனியாவுக்காகவா நான் வாரம் முப்பது முட்டை அனுப்பினேன்? நீயாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். சரி, அங்கே குளிர் எப்படி? காதை மூடிக்கொண்டிருக்கிறாயா?"

கழுத்தில் கிடந்த துண்டை எடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். "மூடியிருக்கிறேன் அக்கா" என்றேன்.